வீட்டுக் குடில்: இந்த வருடம் விட்டுவிடலாமா?

அரிசிபாளையத்து மகள் | டிசம்பர் 5, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பரணிலிருந்து இறக்கிய கிறிஸ்மஸ் குடில் பெட்டி கூடத்தின் நடுவில் கிடக்கிறது. திறந்து பார்த்தேன், மூடிவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது சேலத்தில் மாடி வீடு, வாடகை. அம்மா இருந்தவரை குடில் அம்மாவின் வேலை. பசை கிண்டவும் பேப்பர் கசக்கவும் நான் கூட நிற்பேன். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடமும் நான் தனியாக வைத்தேன், மூன்று வருடமும் ஏதோ ஒன்று கெட்டது. முதல் வருடம் பிரவுன் பேப்பர் மலை இரண்டே நாளில் உட்கார்ந்துவிட்டது. அடுத்த வருடம் மைதாப் பசைக்கு எறும்பும் கரப்பானும் வந்து, வைக்கோலை எல்லாம் அள்ளிக் கொட்ட வேண்டியதாயிற்று. போன வருடம் பால்கனியில் கட்டிய காகித ஸ்டார் ஒரே இரவு மழையில் சாயம் இறங்கி, கீழ்வீட்டுச் சுவரெல்லாம் சிவப்பு. 24-ஆம் தேதி சாயங்காலம் சீரியல் செட் பாதி அணைந்துவிட்டது. பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் நான் ஸ்டூல் மேல் நின்று ஒயரைத் திருகிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்ததை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

இன்றைக்குப் பெட்டியைத் திறந்தால் சூசையப்பரின் வலது கை மணிக்கட்டோடு உடைந்து கிடக்கிறது. ஓர் ஆட்டுக்குட்டிக்குக் காது இல்லை. அம்மா கல்யாணமான வருடம் வாங்கிய செட் அது.

சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். கணவருக்கு ஷிஃப்ட் வேலை, டிசம்பரில் லீவு கிடைப்பதில்லை. பெரியவனுக்கு 12 வயது, சின்னவளுக்கு 9. முதல் நாள் ஓடி ஓடிச் செய்வார்கள், மறுநாள் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். கடைவீதியில் மடக்கி விரிக்கிற குடில் பார்த்தேன், பொம்மைகளை ஒட்டியே கொடுக்கிறார்கள். அதை வாங்கிவிடலாமா? இல்லை, ஒரு ஸ்டார் மட்டும் கட்டிவிட்டு, பேராலயத்துக் குடிலைப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தால் போதுமா? உங்கள் வீட்டில் எப்படி என்று சொல்லுங்கள்.


சூரமங்கலம் வயர்மேன் | டிசம்பர் 5, இரவு 10.50

அக்கா, குடிலைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் கரண்ட் விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் ஸ்டூல் மேல் நின்று ஒயரைத் திருகினேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

பழைய குண்டு பல்பு செட்டில் 6 வோல்ட் பல்புகள் 40 ஒரே வரிசையில் இருக்கும். பெருக்கினால் 240, நம் வீட்டு மின்சாரம். ஒன்று போனால் மொத்தமும் அணையும். இப்போது வரும் எல்.இ.டி. செட்டில் இரண்டு மூன்று வரிசைகளைப் பக்கம் பக்கமாக இணைத்திருப்பார்கள். அதனால்தான் உங்களுக்குப் பாதி மட்டும் போயிருக்கிறது. பல்பு போவது குறைவு. பல்பின் காலில் ஒயரைப் பற்றவைத்த இடம்தான் விடும், பெட்டியிலிருந்து சிக்கலோடு இழுக்கும்போது. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, அணைந்த பகுதியில் ஒவ்வொரு பல்பின் அடியிலும் ஒயரை மெல்ல அசைத்துப் பாருங்கள். விட்ட இடம் கையோடு வந்துவிடும். அதை ரேடியோ கடையில் கொடுத்துப் பற்றவைத்து வாங்குங்கள். போன பல்பை வெட்டிவிட்டு இரண்டு முனையை முறுக்கி டேப் சுற்றுகிற பழக்கம் வேண்டாம். ஒன்று குறையக் குறைய மீதி பல்புகள்மேல் சுமை ஏறும், சீக்கிரம் எல்லாம் போகும். இந்தச் சோதனையை இன்றைக்கே செய்யுங்கள், ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். 24-ஆம் தேதி வரை வைக்காதீர்கள்.

ஸ்டாருக்குள் ஜீரோ வாட்ஸ் குண்டு பல்பு போட வேண்டாம். பெயர்தான் ஜீரோ, 15 வாட் வரை இழுக்கும், காகிதம் சூடாகும். அரை வாட் எல்.இ.டி. போதும். பால்கனி கம்பி இரும்பு என்றால் ஒயர் இணைப்பு அதன்மேல் படவே கூடாது. வெளியிலிருந்து ஒயர் உள்ளே வரும் இடத்தில் கொஞ்சம் தொங்கலாக விட்டு மேலே ஏற்றுங்கள். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக் வரை வராது. மீட்டர் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா பாருங்கள். அதில் சோதனைப் பொத்தான் இருக்கும், அழுத்தினால் கரண்ட் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரரிடம் சொல்லிப் போடச் சொல்லுங்கள். இது பண்டிகைக்கு மட்டும் இல்லை.


கொலுப்படி | டிசம்பர் 6, பகல் 2.10

சகோதரி, நான் அம்மாப்பேட்டை. எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் இல்லை, நவராத்திரிக்கு ஒன்பது படி கொலு. உடைந்த பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு ராத்திரியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் மாமியாருடைய தசாவதார செட்டில் வாமனர் குடை உடைந்தபோது நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் உங்கள் சொரூபம் மண்ணா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா என்று பாருங்கள். உடைந்த இடம் உள்ளே செங்கல் நிறமாக இருந்தால் சுட்ட மண். சாக்பீஸ் மாதிரி வெள்ளையாக இருந்தால் பிளாஸ்டர். பிளாஸ்டர் என்றால் ஈரத்துணிகூட வேண்டாம், தண்ணீர் பட்டால் மேலும் உதிரும். பழைய பல் துலக்கும் பிரஷ் கொண்டு தூசியைத் தட்டுங்கள். உடைந்த இரண்டு முகத்திலும் ஃபெவிகால் மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் விட்டு அப்புறம் பொருத்தி, நூலால் கட்டி ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். மணிக்கட்டு மாதிரி மெல்லிய இடம் என்றால் உள்ளே ஒரு குண்டூசியைப் பாதி இறக்கிக்கொண்டால் பிடிப்பு நிற்கும். இடைவெளி தெரிந்தால் சாக்பீஸ் பொடியை ஃபெவிகாலில் குழைத்து விரல் நுனியால் அப்பி, காய்ந்தபின் நைசான உப்புத்தாளால் தேயுங்கள். போஸ்டர் கலர் போதும். ஒரே நிறம் கிடைக்காது, கொஞ்சம் அடர்த்தியாகக் கலந்தால் காய்ந்தபின் சரியாக வரும்.

ஆட்டுக்குட்டிக்குக் காது எம்-சீலில் செய்துவிடலாம். பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆட்டுக்குட்டியில் தவறினாலும் யாருக்கும் மனசு நோகாது.

இன்னொன்று. எடுத்து வைக்கும்போது செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டும். பழைய வேட்டித் துணிதான் நல்லது. பெட்டியில் நான்கு வசம்பு போடுங்கள்.


அஸ்தம்பட்டி ஐயா | டிசம்பர் 6, இரவு 8.30

மகளே, நான் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட் சபை. எங்கள் அப்பா காலத்தில் வீட்டில் சொரூபம் எதுவும் வைத்ததில்லை. வெளியே ஒரு ஸ்டார், உள்ளே சவுக்குக் கிளை ஒன்று, வண்ணக் காகிதச் சங்கிலி. அவ்வளவுதான் எங்கள் அலங்காரம், அதில் எனக்குக் குறை தெரிந்ததில்லை. அதனால் உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஸ்டார் மட்டும் கட்டுவது தப்பே இல்லை. களைப்பாக இருக்கிற வருடத்தில் குறைவாகச் செய். அலங்காரத்துக்காகப் பிள்ளைகள்மேல் கோபப்படுவதைவிட அது மேல்.

ஆனால் அந்த ஒரு ஸ்டாரைக் கையால் செய் என்று கேட்டுக்கொள்வேன். மூங்கில் தப்பை பத்து வேண்டும், எல்லாம் ஒரே நீளம். ஐந்தை ஒன்றின்மேல் ஒன்று போட்டு ஐந்து மூலை நட்சத்திரமாகக் கட்டு. இன்னொரு ஐந்தில் அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவில் குச்சிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் சின்னக் குச்சி ஒன்றைச் செருகினால் வயிறு உப்பி நிற்கும். மேலே கண்ணாடிக் காகிதம் ஒட்டு. சாதாரண வண்ணக் காகிதம்தான் சாயம் இறங்கும், கண்ணாடிக் காகிதம் இறங்காது. அப்பா ஒவ்வொரு வருடமும் எலும்புக்கூட்டை அப்படியே வைத்து காகிதம் மட்டும் மாற்றுவார். அந்த மூங்கில் பதினேழு வருடம் வந்தது.

ஸ்டார் வெளியே எரிந்தால்தான் வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வருகிற பிள்ளைகளுக்கு வீடு தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு டோலக் சத்தம் தெரு முனையில் கேட்கும்போது, நம் வீட்டு வெளிச்சத்தைப் பார்த்து அவர்கள் திரும்புவதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறாயா? எனக்கு 75 வயது முடிந்துவிட்டது, இன்னும் அதற்காக விழித்திருக்கிறேன்.


மஸ்கட் சேலத்தான் | டிசம்பர் 7, இரவு 11.05

// பொம்மைகளை ஒட்டியே கொடுக்கிறார்கள். அதை வாங்கிவிடலாமா? //

வாங்கிவிடுங்கள் அக்கா என்று சொல்லத்தான் வந்தேன். இங்கே எங்கள் அறையில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது, ஆறு பேர் தங்கியிருக்கிற அறை, ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறோம். 24 இரவு அதன் முன்னால் நின்று செபம் சொல்லும்போது ரெடிமேடா கையால் செய்ததா என்று யாருக்கும் தோன்றாது.

ஆனால் உடைந்த கைக்காக மட்டும் விட்டுவிட வேண்டாம். சின்ன வயதில் பேராலயத்தில் நான் பீடச் சிறுவனாக இருந்தேன். அப்போது பங்குச்சாமியார் சொன்னது: முதல் குடிலை வைத்தவர் அசிசி பிரான்சிஸ், 1223-இல், இத்தாலியில் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில். அங்கே சொரூபமே இல்லை. தீவனத் தொட்டி, வைக்கோல், உயிரோடு ஒரு மாடு, ஒரு கழுதை. அங்கேயே பூசை. சுற்றி நின்ற ஊர்க்காரர்கள்தான் இடையர்கள். கை உடைந்த சூசையப்பர் அங்கே இருந்திருந்தால் யாரும் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள்.


அஸ்தம்பட்டி ஐயா | டிசம்பர் 8, காலை 6.40

தம்பி சொன்னது அருமை. நீங்கள் தீவனத் தொட்டி என்கிறீர்கள், எங்கள் வேதாகமத்தில் முன்னணை. நீங்கள் சூசையப்பர், நாங்கள் யோசேப்பு. ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா, மாடும் கழுதையும் சுவிசேஷத்தில் பிறப்பு நடந்த இடத்தில் வருவதே இல்லை. ஏசாயா முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்தில் மாடு தன் எஜமானையும் கழுதை தன் எஜமானின் முன்னணையையும் அறியும் என்று வருகிறது, அங்கிருந்து குடிலுக்குள் வந்தவை. நம்மைவிட முன்னால் வந்து நின்றுவிட்டன.


ஏற்காட்டு மிளகு | டிசம்பர் 8, இரவு 9.15

தாமதமாகத்தான் பார்த்தேன். எங்களுக்கு இது பழம் எடுக்கிற காலம். மூன்று ஏக்கர் காப்பி, அதற்குள் சில்வர் ஓக், அதன்மேல் மிளகு. காலை பனி விலகும் முன்பே தோட்டத்துக்குப் போனால் இருட்டும்போதுதான் வீடு. களத்தில் காயும் காப்பியை ராத்திரி மூட வேண்டும், மழைத்தூறல் வந்தால் ஓட வேண்டும். ஆகவே எங்கள் வீட்டு அலங்காரம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் நடப்பது. சகோதரி சொன்ன களைப்பு எனக்கும் உண்டு.

மலையில் வேறு தொல்லைகள். ஸ்டாருக்கு மழை வேண்டியதில்லை, பனிமூட்டமே போதும். இரண்டு இரவில் காகிதம் ஊறித் தொங்கிவிடும். மிச்சத்தைக் குரங்கு பார்த்துக்கொள்ளும். நான்கு வருடம் முன்பு வாசலில் தொங்கிய பளபளா உருண்டைகளைப் பழம் என்று நினைத்து ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துக் கீழே போட்டது ஒரு கூட்டம். அதிலிருந்து வெளியே தகரத்தில் துளை போட்ட ஸ்டார்தான். பெயிண்ட் டப்பா மூடியை ஆணியால் துளைத்து நானே செய்தது, நான்கு வருடமாக இருக்கிறது.

மரத்துக்கு நான் எதையும் வெட்டுவதில்லை. மலைப்பகுதியில் மரம் வெட்ட அனுமதி வேண்டும், 1955-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அது சரியும்கூட, மரம் போனால் மண் போய்விடும். காற்றில் ஒடிந்து விழும் சில்வர் ஓக் கிளை எப்போதும் கிடைக்கும். இலையின் அடிப்பக்கம் வெள்ளியாக இருக்கும், தலைகீழாகக் கட்டினால் விளக்கு வெளிச்சத்துக்கு மின்னும். அது ஆஸ்திரேலிய மரம், காப்பிக்கு நிழல் தர வந்தது. எங்கள் வீட்டில் அதுதான் கிறிஸ்மஸ் மரம்.

அப்புறம் பாயின்செட்டியா. இங்கே வேலியோரம் ஆள் உயரத்துக்கு நிற்கும், டிசம்பரில் உச்சியெல்லாம் சிவப்பு. பலர் அதைப் பூ என்கிறார்கள், அது இலை. நடுவில் மஞ்சளாக இருப்பதுதான் பூ. இரவு நீளும்போதுதான் அந்த இலை சிவக்கும். என் வேலியில் தெருவிளக்குக்குக் கீழே நிற்கும் செடி மட்டும் டிசம்பரிலும் பச்சையாகவே நிற்கிறது, ராத்திரியெல்லாம் அதன்மேல் வெளிச்சம். முழு இருட்டு கிடைத்த செடிக்குத்தான் அந்தச் சிவப்பு. வெட்டினால் பால் வடியும், கையில் பட்டால் அரிக்கும். வெட்டின முனையை மெழுகுவர்த்தியில் ஒரு நொடி காட்டிவிட்டுத் தண்ணீரில் வைத்தால் வாடாமல் ஒரு வாரம் நிற்கும்.

பலன் என்ன என்று கேட்டால் ஒன்று சொல்கிறேன். பழம் எடுக்க வருகிறவர்களின் பிள்ளைகள் சாயங்காலம் அம்மாவுக்காகக் காத்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள்தான் எங்கள் குடிலை வைக்கிறார்கள். எங்கே எந்த ஆடு நிற்க வேண்டும் என்று தினமும் ஒரு வழக்கு. ஒரு வருடம் 25 காலையில் என் மனைவி குழந்தை இயேசுவை வைத்ததும், அதில் ஒரு சிறுமி தன் ஸ்வெட்டரைக் கழற்றி மூடினாள். அன்று நல்ல குளிர், அவள் நடுங்கிக்கொண்டு நின்றாள். அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

சகோதரி, பஞ்சு வைத்துப் பனி செய்ய வேண்டாம். உங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும் அல்லவா? அதையே செய்யச் சொல்லுங்கள் பையனை. ஏற்காட்டுக்கு ஏறும் எங்கள் மலைச்சாலைக்கு 20 கொண்டை ஊசி வளைவு. சரியாக 20 வர வேண்டும், நான் எண்ணுவேன்.


அஸ்தம்பட்டி ஐயா | டிசம்பர் 9, காலை 7.00

பெத்லகேமும் மலையூர்தான். கடல் மட்டத்துக்குமேல் சுமார் 775 மீட்டர். ஏற்காடு 1,515. கிட்டத்தட்ட பாதி மலை ஏறிய இடத்தில் இருக்கும் ஊர் என்று வைத்துக்கொள்ளலாம். பையனுக்கு இதைச் சொல்.


அரிசிபாளையத்து மகள் | டிசம்பர் 10, இரவு 9.50

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். ஐயா குறைவாகச் செய் என்றதும் மனசு லேசானது. அந்த லேசில்தான் பையனிடம் 20 வளைவு விஷயத்தைச் சொன்னேன். அவன் உடனே எழுந்து கணக்கு நோட்டில் வரைய ஆரம்பித்துவிட்டான். அடிவாரத்திலிருந்து 1, மேலே 20 என்று எண் போட்டான். கூடத்து மூலையில் மேசை மேல் மேசை, மேலே அட்டைப்பெட்டிகள். மலை உட்காராமல் இருக்க என்ன செய்வது? பசைக்கும் வழி சொல்லுங்கள். புல்லுக்கு அம்மா ராகி முளைக்கப் போடுவார். நான் போட்டால் வெளுத்துப் போய்ச் சாய்கிறது.

சூசையப்பர் கை ஒட்டியாயிற்று. நூல் கட்டோடு அலமாரியில் நிற்கிறார். உள்ளே வெள்ளைதான், பிளாஸ்டர்.


கொலுப்படி | டிசம்பர் 11, பகல் 1.30

// நான் போட்டால் வெளுத்துப் போய்ச் சாய்கிறது //

நீங்கள் முளைப்பாரி போட்டிருக்கிறீர்கள் சகோதரி! ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு நாங்கள் போடுவது அப்படித்தான். இருட்டறையில் வைத்தால் பயிர் வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று மஞ்சளாக வளரும். முளைப்பாரிக்கு அந்த மஞ்சள்தான் அழகு. உங்களுக்குப் பச்சைப் புல்வெளி வேண்டும். ராகியை ஓர் இரவு ஊறவைத்து, நனைத்த சாக்கின்மேல் கொஞ்சம் மண் தூவி நெருக்கமாக விதையுங்கள். முளை கண்ட அன்றே மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்விடுங்கள். தண்ணீர் தெளிக்கத்தான் வேண்டும், ஊற்றக் கூடாது. எட்டு பத்து நாளில் இரண்டு விரற்கடை வந்துவிடும். 14, 15 தேதி வாக்கில் விதைத்தால் 24-க்குச் சரி. முன்னாலேயே போட்டால் உயர்ந்து சாய்ந்துவிடும்.

பசைக்கு மைதா எதற்கு? நாம் இருப்பது சேலம், ஜவ்வரிசி ஆலைகள் இருக்கிற ஊர். மரவள்ளி மாவு வாங்குங்கள். ஒரு டம்ளர் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஏழெட்டு டம்ளர் கொதிநீரில் ஊற்றிக் கிளறினால் கண்ணாடி மாதிரி வரும். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி வராமல் அதில் துளி மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். போட்டால் பசை வேலையை நீங்களே செய்யுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.


ஏற்காட்டு மிளகு | டிசம்பர் 11, இரவு 8.45

மலை உட்காராமல் இருக்க ஒரு வழி. கோணிச்சாக்கைக் களிமண் கரைசலில் நனைத்துப் பெட்டிகள்மேல் விரித்துவிடுங்கள். ஈரமாக இருக்கும்போதே கையால் பள்ளம் மேடு அழுத்தி வைத்தால் காய்ந்ததும் பாறை மாதிரி நிற்கும். அதன்மேல் பேப்பரை ஒட்டலாம், ஒட்டாமலும் விடலாம். மண் நிறமே நன்றாக இருக்கும். கீழே பாலிதீன் விரிக்க மறக்காதீர்கள், வாடகை வீடு.


சூரமங்கலம் வயர்மேன் | டிசம்பர் 11, இரவு 9.00

குடிலுக்குள் விடும் ஒயர் வைக்கோலைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. பேட்டரியில் எரியும் சின்னச் சரம் கிடைக்கிறது, குடிலுக்குள் அதுவே நல்லது.


அரிசிபாளையத்து மகள் | டிசம்பர் 17, இரவு 10.40

ஒரு வாரமாக எழுத நேரமில்லை. படம் போட்டிருக்கிறேன், பார்க்கிறவர்கள் சிரிக்கலாம், எங்கள் கூடத்தில் சேர்வராயன் மலை நிற்கிறது.

முதல் சாக்கு வழிந்து தரையெல்லாம் சேறு. மூன்று முறை துடைத்தேன். எனக்கு அழுகை வரும் போலத்தான் இருந்தது. சின்னவள் சேற்றில் கை வைத்து, “அம்மா, இது நல்லா இருக்கு” என்றாள். அவளே இரண்டாவது சாக்கையும் அழுத்தினாள், அவளுடைய விரல் தடம் 8-ஆவது வளைவுக்குப் பக்கத்தில் அப்படியே காய்ந்து நிற்கிறது. சாலையோரத்துக்கு அப்பா எப்போதோ சுண்ணாம்புக்கரட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக்கற்கள் அலமாரியில் கிடந்தன. பையன் அதை உடைத்து வளைவுக்கு வளைவு வரிசையாகப் பதித்துவிட்டான். அப்பா மாவுக் கட்டி மாதிரி அதைக் கையில் உருட்டிக் காட்டி, இது நம் ஊர் கல் என்று எனக்குச் சொன்னது ஞாபகம் வந்தது.

இனி பையனுடைய கண்டுபிடிப்பு. குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்கள் உடனே குடிலுக்கு வரக் கூடாதாம், தூரத்திலிருந்து நடந்து வர வேண்டுமாம். ஜனவரி 6-ஆம் தேதி வந்து சேர்வது என்றால் நாளுக்கு ஒரு வளைவு வீதம் எப்போது கிளம்ப வேண்டும் என்று பின்னாலிருந்து எண்ணினான். டிசம்பர் 17 வந்தது. இன்று! ஜனவரி 5-இல் முதல் வளைவு, மறுநாள் அடிவாரத்துக் குடில். அதனால் இன்று சாயங்காலம் அவசர அவசரமாக மூன்று பேரையும் ஒட்டகத்தோடு 20-ஆவது வளைவில் ஏற்றி வைத்தோம். கோவிலில் மூன்று ராஜாக்கள் திருநாளைப் பக்கத்து ஞாயிறில் கொண்டாடினாலும் வீட்டில் எங்களுக்கு 6 தான். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர், சாப்பிடாமல் மலையின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். வளைவு 11-இல் தடுப்புச்சுவர் வேண்டும் என்று தீக்குச்சி கேட்டார்.

ராகி முளைத்துவிட்டது. மொட்டை மாடியில்.


ஏற்காட்டு மிளகு | டிசம்பர் 18, இரவு 8.20

எண்ணினேன், படத்தில் 19 தான் தெரிகிறது. மிச்சம் ஒன்று மலைக்குப் பின்னால் இருக்கிறது என்று நம்புகிறேன். இங்கிருந்து இறங்குகிற ராஜாக்களுக்குக் காப்பிப் பழக்கொத்து ஒன்று அனுப்புகிறேன், நாளை எங்கள் ஆள் சேலம் வருகிறார். பாயின்செட்டியாவும் கூட. முனையைச் சுட்டுத்தான் அனுப்புகிறேன்.


அரிசிபாளையத்து மகள் | டிசம்பர் 25, காலை 5.30

தூக்கமில்லை, ஆனால் எழுதிவிட்டுத்தான் படுப்பேன். எல்லோருக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்துகள்.

நள்ளிரவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். ஐயா சொன்ன மாதிரி செய்த மூங்கில் ஸ்டார் தெரு முனையிலிருந்தே தெரிந்தது, காகிதம் கொஞ்சம் கோணல். சீரியல் செட் எல்லாம் எரிந்தது. குழந்தையை வைப்பது அம்மாவின் வேலை, மூன்று வருடமாக நான் வைத்தேன். இந்த வருடம் சின்னவள் வைத்தாள். வைத்துவிட்டு, “சூசையப்பா, கை வலிக்குதா” என்று கேட்டாள். ஒட்டிய இடம் கிட்டப் போனால் தெரியும். போஸ்டர் கலர் கொஞ்சம் அடர்த்திதான். நான் அதை மறைக்கவில்லை.

கீழ்வீட்டு அக்கா மார்கழிக் கோலம் போட எழுந்தவர் வெளிச்சம் பார்த்து மாடி ஏறி வந்தார். போன வருடம் சுவரில் சாயம் இறங்கியதற்கு என்னோடு இரண்டு மாதம் பேசாதவர். மலையைச் சுற்றிப் பார்த்தார். கீழே போய், கோலத்துக்கு வைத்திருந்த பூசணிப்பூவில் ஒன்றைக் கொண்டுவந்து அடிவாரத்தில் ராகிப் புல்லின் நடுவில் வைத்துவிட்டுப் போனார். மஞ்சளாக அங்கே இருக்கிறது. ராஜாக்கள் இப்போது 12-ஆவது வளைவில்.


மஸ்கட் சேலத்தான் | டிசம்பர் 25, காலை 9.10

படத்தை அறையில் எல்லோருக்கும் காட்டினேன் அக்கா. ஏற்காடு தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.


அஸ்தம்பட்டி ஐயா | டிசம்பர் 25, காலை 11.00

மூங்கிலை மட்டும் பத்திரமாக வை மகளே.


அரிசிபாளையத்து மகள் | ஜனவரி 13, இரவு 9.30

நேற்று பிரித்தோம். பிரிக்கும் நாள் எனக்கு எப்போதும் பிடிக்காது, வீடு வெறிச்சென்று ஆகிவிடும். இந்த முறை பிள்ளைகள் கூட இருந்தார்கள். ராஜாக்கள் 6-ஆம் தேதி காலையில் வந்து சேர்ந்தார்கள், நடுவில் இரண்டு நாள் நகர்த்த மறந்து ஒரே நாளில் மூன்று வளைவு இறக்கினோம். ராகிப் புல்லைச் சாக்கோடு சுருட்டிக் கொண்டுபோய்ப் பால்காரர் மாட்டுக்குக் கொடுத்தான் பையன். ஒரே வாயில் தின்றுவிட்டது என்று வந்து சொன்னான். மலையின் 8-ஆவது வளைவுத் துண்டை உடைக்கச் சின்னவள் விடவில்லை, அது பரணில் இருக்கிறது.

சொரூபங்களை அம்மாவின் பழைய வெள்ளைச் சேலைத் துணியில் சுற்றினோம், வேட்டி கிடைக்கவில்லை. வசம்பு போட்டாயிற்று. பெட்டி மூடிமேல் பையன் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறான்: “சூசையப்பர் மேலே இருக்கிறார். வலது கை கவனம். டிசம்பர் 10-க்குள் இறக்கவும். ராஜாக்கள் 17-ஆம் தேதி கிளம்ப வேண்டும்.”